எங்களுக்கு ஊர், பிள்ளைகளுக்குப் புதுநாடு: வன்னியில் எங்கள் முதல் நத்தார்

தமிழகத்து அகதி முகாம்களிலிருந்து பிள்ளைகளோடு இலங்கைக்கு, ஊர் திரும்ப ஆயத்தமாகும் குடும்பங்களோடு கதைக்கும்போது நான் முதலில் சொல்வது இதைத்தான்: தாய்க்கும் தகப்பனுக்கும் இது திரும்பி வருதல், பிள்ளைகளுக்கோ பிறந்த நாட்டை விட்டு வேறொரு நாட்டுக்குக் குடிபெயர்தல். நான் 1990 இல், பத்து வயதில், பெற்றோரோடு படகேறி இராமேசுவரத்தில் கரையிறங்கியவள். என் கணவரும் அந்தக் காலத்தில் வந்தவர்தான். மண்டபம் முகாமில் பதிவாகி, புதுக்கோட்டை மாவட்டத்து முகாம் ஒன்றில் வளர்ந்து, அங்கேயே திருமணம் முடித்து, மூன்று பிள்ளைகளையும் அங்கேயே பெற்றெடுத்தோம். 2018 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், ஐக்கிய நாடுகள் அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயத்தின் உதவியோடு திருச்சியில் விமானமேறிக் கட்டுநாயக்கவில் இறங்கி, பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் தருமபுரத்துக்கு அண்மையில், கணவருடைய தமக்கையின் (எனக்கு மச்சாள், பிள்ளைகளுக்கு மாமி) வளவில் தகரக் கொட்டில் ஒன்று போட்டுக் குடியேறினோம். மூத்தவளுக்கு அப்போது 14 வயது, மகனுக்கு 10, சின்னவளுக்கு 5. அந்த மூவரும் இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் கண்ட முதல் நத்தார், அதாவது கிறிஸ்மஸ் பண்டிகையைப் பற்றியும், அதற்காக நாங்கள் செய்தவை, மற்றவர்களிடம் கேட்டுக் கற்றவை பற்றியும் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் முகாமில் நத்தார் வேதக்காரருக்கு மட்டும் உரிய பண்டிகையாக இருந்ததில்லை. சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் சைவர்களும் கத்தோலிக்கரும் கலந்து வாழ்ந்ததால், டிசம்பர் பிறந்ததும் பாதி வாசல்களில் காகித நட்சத்திரம் தொங்கும். இளைஞர்கள் இரவில் மத்தளத்தோடு வீடு வீடாகப் பாடிக்கொண்டு வருவார்கள். 25 ஆம் திகதி காலையில் பலகாரத் தட்டு ஏந்தாத பிள்ளையை முகாமில் காண முடியாது. அதே வேளை, வேறு முகாமில் இருக்கும் உறவினரோடு பண்டிகையைக் கழிக்க வேண்டுமானால் வருவாய் ஆய்வாளரிடம் சொல்லி அனுமதி பெற வேண்டும். கணக்கெடுப்பு நாளில் ஆள் இல்லாவிட்டால் உதவிப்பணம் சிக்கலாகிவிடும். பிள்ளைகள் அதையும் பண்டிகையின் ஒரு பகுதியாகவே கண்டு வளர்ந்தார்கள். இங்கு வந்த பின்னர், மன்னாரில் இருக்கும் என் சின்னம்மா வீட்டுக்குப் போய் ஓர் இரவு தங்கி வருவோம் என்று சொன்னபோது, என் மகன் "யாரிட்டம்மா சொல்லிட்டுப் போகணும்?" என்று கேட்டான். யாரிடமும் சொல்லத் தேவையில்லை என்று அவனுடைய அப்பா சொன்னதை நம்பாமல், அவன் மாமியிடம் போய் மறுபடியும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டான்.

ஒக்டோபர் மாதத்தில், மழை பிடிப்பதற்கு முன்பு, கணவர் பிள்ளைகளைத் தனித்தனியே இருத்தி, "அங்க கொண்டாடின நத்தாரில எது இல்லாட்டி உனக்கு நத்தார் மாதிரி இருக்காது?" என்று கேட்டார். இப்படிக் கேட்பது சிறிய செயலாகத் தோன்றலாம். ஆனால், எங்கள் பண்டிகையின் பெரும்பகுதியை அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்களே தீர்மானித்தன. மூத்தவள், இரவில் பாடிக்கொண்டு வீடு வீடாகப் போவது வேண்டும் என்றாள். மகன், முகாமில் எங்கள் வாசலில் தொங்கியதைவிடப் பெரிய நட்சத்திரம் வேண்டும் என்றான். சின்னவள், அம்மம்மாவின் மடியில் இருந்து பாலன் பிறக்கும் கதையைக் கேட்க வேண்டும் என்றாள். புது உடுப்பையோ விருந்தையோ மூவரில் ஒருவரும் கேட்கவில்லை. பெற்றோர் கடன்பட்டு வாங்க நினைக்கும் பொருள்கள் வேறு, பிள்ளையின் மனதில் பண்டிகையைத் தாங்கி நிற்பவை வேறு என்பது எனக்கு அன்று விளங்கியது. புதிய நாட்டில் முதல் பண்டிகையை எதிர்கொள்ளும் எந்தக் குடும்பமும், காசு செலவழிக்கத் தொடங்கும் முன்பு, இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பேன்.

பாடுவதற்கான வழி தேவாலயப் பங்கின் ஊடாகத் திறந்தது. பாட்டும் நிகழ்ச்சிகளுமாக நடக்கும் ஒளிவிழா இல்லாமல் இங்கே நத்தார் காலம் இல்லை. பாடசாலையிலும் நடக்கும், பங்கிலும் நடக்கும். அதற்கான பயிற்சிகள் வாரக்கணக்கில் நடைபெறும். புதிதாக வந்த பிள்ளைகளை அந்தப் பயிற்சிக்கு முதல் நாளிலிருந்தே அனுப்பிவிட வேண்டும். விழா நாளன்று பார்வையாளராகப் போய் அமரும் பிள்ளை அன்றைக்கும் விருந்தாளியாகவே திரும்பி வரும்; பயிற்சிக்குப் போன பிள்ளைக்கோ, விழா வருவதற்குள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கு நாலு பேர் இருப்பார்கள். பாடசாலையில் மூத்தவளை "இந்தியாக்காரி" என்று கூப்பிட்டு வந்தார்கள். பாடகர் குழுவில் முதல் நாள்களில் ஓரமாக நின்றவளை, மறைக்கல்வி கற்பிக்கும் சிஸ்டர் அழைத்து, "அங்க பாடின பாட்டில ஒண்டை எங்களுக்கும் சொல்லித் தாரும் பிள்ளை" என்றார். அவள் சொல்லிக் கொடுத்த பாட்டின் மெட்டு இங்கே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. கரோல் குழு வீடுகளுக்குப் போன இரவுகளில் அதையும் சேர்த்துப் பாடினார்கள். அந்தச் சிஸ்டருக்கு நான் இன்றும் நன்றியுடையவளாக இருக்கிறேன்.

நட்சத்திரக் கதை மழையோடு சம்பந்தப்பட்டது. புதுக்கோட்டையிலும் ஐப்பசி கார்த்திகையில் மழை உண்டு. ஆயினும் வன்னியில் நவம்பரும் டிசம்பரும் மழையின் உச்சக் காலம். காலபோக நெல் வயலில் நிற்கும், குளங்கள் நிறைந்து வான் பாயும், தோய்த்த துணி நாள்கணக்கில் காயாது. மகனும் தகப்பனும் மூங்கில் தடிகளை மெலிதாகச் சீவி, இரண்டு ஐங்கோண நட்சத்திரங்களைக் கட்டி, அவற்றின் முனைகளை ஒன்றாகப் பிணைத்து, நடுவில் குறுக்குத் தடிகள் கொடுத்து வயிறு புடைக்க வைத்து, சிவப்பு நிறக் கடதாசி ஒட்டினார்கள். ஒரே மழையில் கடதாசி கரைந்து சாயம் கொட்டில் வாசலெங்கும் ஓடியது. இரண்டாம் தடவை, பாடசாலைப் புத்தகங்களுக்கு உறை போடும் தெளிவான பொலித்தீனை மச்சாள் எடுத்துக் கொடுத்தார். கடதாசிக்கு மேல் அதைச் சுற்றி, ஓரங்களை மெழுகுதிரிச் சுடரில் காட்டி ஒட்டி, கீழ்முனையில் மட்டும் விரற்கடை அளவுக்குத் திறந்து விட்டார்கள். அந்தத் திறப்பு இல்லாவிட்டால் உள்ளே ஈரம் வியர்த்துக் கடதாசி ஊறிவிடும். உள்ளே சூடாகாத எல்.ஈ.டி. குமிழைத்தான் போட வேண்டும். மின்சாரம் மச்சாள் வீட்டிலிருந்து இழுத்தது என்பதால், கணவர் இணைப்பு எதையும் வெளியே விடாமல் ஒரே கம்பியாக வாங்கி, கூரைக்கு உள்ளால் கொண்டுவந்தார். மழைக் காலத்தில் நாடாவால் சுற்றிய இணைப்புகளை வேலியில் தொங்க விடுவது உயிராபத்து. இதைக் குறித்து நான் எவருக்கும் வலியுறுத்திச் சொல்வேன்.

பலகார வேலையும் வானத்தைப் பார்த்தே நடக்க வேண்டும். "மழை துவங்க முன்னம் மா வறுத்து வைக்காட்டி, நத்தாருக்குத் தாச்சி வைக்கேலாது மச்சாள்" என்று கணவருடைய தமக்கை செப்டெம்பரிலேயே எனக்குச் சொல்லிவிட்டார். பயறு வறுத்துத் திரித்து, அரிசி மா வறுத்து, நன்கு ஆறவிட்டு, காற்றுப் புகாத தகர டின்களில் அடைத்து வைத்தோம். விறகையும் அப்போதே பிளந்து அடுக்கி மூடினோம். பற்றவைப்பதற்குப் பன்னாடையும் கொக்கரையும் தனியே சேர்த்து வைத்தோம். முகாமில் கேக் என்றால் பேக்கரியில் வாங்குவதுதான் வழக்கம். இங்கே மச்சாள் ரவைக் கேக்கை அடுப்பிலேயே வேகவைத்தார். அகன்ற சட்டியின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மணல் பரப்பி, சட்டி நன்றாகச் சூடானதும் மாஜரின் பூசிய தட்டில் கலவையை ஊற்றி உள்ளே இறக்கி, தகர மூடியால் மூடி, மூடியின் மேல் சிரட்டைத் தணலைப் பரப்பினார். கீழே தீ குறைவாகவும் மேலே தணல் கூடுதலாகவும் இருக்க வேண்டும், வாசனை வளவின் படலை வரை போகும்வரை மூடியைத் திறக்கக் கூடாது என்பன அவருடைய கட்டளைகள். ரவையை முதல் நாளிரவே மாஜரினோடு பிசைந்து ஊறவைத்தால்தான் கேக் மெதுமையாக வரும். முந்திரிகை வற்றலைச் சிறிது மாவில் புரட்டிப் போட்டால் அடியில் தங்காது. சின்னவள் அந்தச் சட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். தணலை மேலே வைத்துச் சமைப்பதை அவள் அதற்கு முன் கண்டதில்லை.

இயேசுவின் பிறப்பைக் காட்டும் பாலன் குடிலுக்கு என்ன தேவை என்று முகாமில் யாரும் யோசித்ததில்லை. ஏரிக்கரையில் மண் எடுப்போம், கிடைத்த மரத்தில் கிளை ஒடிப்போம். வன்னியில் அப்படிச் செய்யக் கூடாது. போர் முடிந்து ஒன்பது ஆண்டுகளாகியும் மிதிவெடி அகற்றும் பணி முடியாத நிலங்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் அப்போது இருந்தன. மண்டையோடு பொறித்த சிவப்புப் பலகையைக் கண்டால் நிற்க வேண்டும் என்பது இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். முகாமில் பிறந்த பிள்ளைக்குத் தெரியாது. பலகை இல்லை என்பதற்காக அந்தக் காடு பாதுகாப்பானது என்று எண்ணவும் கூடாது. மழைவெள்ளம் மண்ணை அரித்துப் புதைந்தவற்றை வெளியே கொண்டுவரும். ஆதலால், வந்த முதல் வாரத்திலேயே மச்சாளின் மகன் எங்கள் பிள்ளைகளை நடத்திச் சென்று, எந்த ஒழுங்கையால் போகலாம், எந்தப் பற்றைக்குள் இறங்கக் கூடாது, தெரியாத இரும்புப் பொருளைக் கண்டால் தொடாமல் வந்த அடியிலேயே திரும்பி நடந்து பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்பவற்றையெல்லாம் காட்டிக் கொடுத்தான். குடிலுக்கான சவுக்குக் கிளையை முல்லைத்தீவுக் கரையோரத்திலிருந்து வந்த உறவினர் ஒருவர் கொண்டுவந்து தந்தார். மண்ணை வளவுக்குள்ளேயே எடுத்தோம். புல்வெளிக்காகப் பிள்ளைகள் சிரட்டைகளில் குரக்கனை நெருக்கமாகத் தூவி முளைக்க வைத்தார்கள். வைக்கோலை மட்டும் வெளிச்சத்தில் உதறி உதறிப் பார்த்த பிறகே உள்ளே எடுத்தோம். மழைக்குப் புடையன் பாம்பு ஒதுங்குமிடங்களில் வைக்கோற்போரும் விறகுக் குவியலும் முதன்மையானவை. குடிலைத் தரையில் அமைக்காமல் மேசையின் மேல் அமைத்ததும் இதற்காகத்தான்.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். முகாமில் மாதாந்த உதவிப்பணமும் நிவாரண அரிசியும் இருந்தன. இங்கே வந்ததும் அவை நின்றுபோயின. அந்த நாள்களில் இந்திய ரூபாய் ஒன்று இலங்கை ரூபாய் இரண்டரையளவுக்குச் சமமாக இருந்தது. கடை விலைகளைப் பிள்ளைகள் முகாம் விலையோடு ஒப்பிட்டு மலைத்தார்கள், நாங்களும் மலைத்தோம். புதிதாக வந்த குடும்பத்துக்குப் பண்டிகைச் செலவு என்றதும் கைநீட்டி வருவது நுண்கடன்தான். கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலில் வந்து தவணை கேட்கும் அந்தக் கடனில் வன்னிப் பெண்கள் பட்ட பாட்டை நான் வந்த புதிதிலேயே கேள்விப்பட்டேன். வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசே அந்த ஆண்டில் அறிவிக்கும் நிலை வந்திருந்தது. உடுப்புக்காகவோ பலகாரத்துக்காகவோ அந்தக் கடனை எடுக்கக் கூடாது என்று மச்சாள் என் கணவரிடம் கண்டிப்பாகச் சொன்னார். நாங்கள் பிள்ளைகளுக்கு ஒவ்வோர் உடுப்பு மட்டும், பாடசாலை விழாவுக்கும் தேவாலயத்துக்கும் பொதுவாகப் பொருந்தக்கூடியதாக வாங்கினோம். எனக்கும் கணவருக்கும் முகாமிலிருந்து கொண்டுவந்த உடுப்புகளே போதுமாக இருந்தன. மீள்குடியேற்றத்துக்காகக் கிடைத்த உதவித் தொகையை நாங்கள் பண்டிகைக்குத் தொடவில்லை. அது கிணற்றுக்கும் கூரைக்கும் உரியது.

டிசம்பர் 21 ஆம் திகதி, வெள்ளிக்கிழமை இரவு, மழை இடைவிடாமல் கொட்டத் தொடங்கியது. மறுநாள் விடியும்போது கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் தாழ்நிலங்கள் வெள்ளத்துக்குள் இருந்தன. புனரமைப்பு முடிந்து அந்த மாதத் தொடக்கத்தில்தான் திறந்து வைக்கப்பட்ட இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடுகளை விட்டு வெளியேறிப் பாடசாலைகளிலும் பொதுமண்டபங்களிலும் தங்கின. எங்கள் வளவு சற்று மேட்டில் இருந்ததால் தண்ணீர் கிணற்றடியோடு நின்றுவிட்டது. காலையில் விதானையார் (கிராம அலுவலர்) வந்து, வயற்கரைக் குடும்பங்களைப் பாடசாலைக்கு ஏற்றியிருப்பதாகவும் சமைத்த சாப்பாடு உடனே வேண்டும் என்றும் சொன்னார். மச்சாள் யோசிக்கவே இல்லை. நத்தாருக்கென்று அடுக்கி வைத்திருந்த முறுக்கு டின்னையும் பயற்றம் பணியார டின்னையும் கேக்கையும் எடுத்து, "பிள்ளையள் பசியோட இருக்குதுகள், பிறகு சுடலாம்" என்று சொல்லிக் கொடுத்தனுப்பினார். கரோல் குழு வீடு வீடாகப் பாடிச் சேர்த்த பணத்தைப் பங்குச் சபை பால்மாவுக்கும் பாய்களுக்கும் செலவழித்தது.

பிள்ளைகளை அந்தப் பாடசாலைக்குக் கூட்டிச் செல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. முகாமிலிருந்து மீட்டு வந்தவர்களை மறுபடியும் முகாம் போன்ற இடத்துக்கு ஏன் கொண்டுபோக வேண்டும் என்று எண்ணினேன். மூத்தவள்தான் வற்புறுத்தி வந்தாள். உள்ளே நுழைந்து சற்றுநேரம் சுற்றிப் பார்த்தவள், வேலை தொடங்கிவிட்டாள். குடிதண்ணீர் வாளியை மற்ற வாளிகளிலிருந்து பிரித்து உயரத்தில் வைத்து மூடி, அதற்கென்று ஒரே ஒரு குவளையைக் கயிற்றில் கட்டினாள். குழந்தைப்பிள்ளைக்காரிகளுக்கு மூலைப் பக்கத்தை ஒதுக்கி, வகுப்பறை மேசைகளை நிமிர்த்தி, சீலைகளைக் கட்டி மறைப்புச் செய்தாள். பெண்கள் மலசலகூடத்துக்குப் போகும் வழியில் இரவில் விளக்கு எரிய வேண்டும் என்று விதானையாரிடம் போய்க் கேட்டாள். மகன் பழைய கடதாசிகளைச் சுருட்டி நூலால் கட்டிப் பந்தாக்கி, விறாந்தையில் கிரிக்கெட் ஆட்டத்தைத் தொடங்கிவிட்டான். வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, நெருக்கமான இடத்தில் பலர் சேர்ந்து எப்படி வாழ்வது என்பதை ஒருவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பாடசாலையில் அவளை "இந்தியாக்காரி" என்று அழைத்த பெண்பிள்ளைகளில் இருவர் அங்கே குடும்பத்தோடு தங்கியிருந்தார்கள். அவர்கள் அன்று மாலைவரை அவளோடு வாளி தூக்கினார்கள். புதிய இடத்துக்கு வந்த பிள்ளையிடம், "இதைக் கற்றுக்கொள், அதைக் கற்றுக்கொள்" என்றே எல்லோரும் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த ஏதோவொன்று இந்த இடத்துக்குத் தேவைப்படும் தருணம் வரும்போது, பெற்றோர் அஞ்சி இடையில் நிற்காமல் வழிவிட வேண்டும்.

வெள்ளத்துக்குப் பிறகு நலம் பேணுவதில் கவனம் வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொன்னபடி, தண்ணீர் ஏறிய கிணறுகளை இறைத்துக் குளோரின் இட்ட பின்பும் நீரைக் கொதிக்க வைத்தே குடித்தோம். சேற்றில் வெறுங்காலோடு நடக்கும் வயல்வேலைக்காரருக்கு எலிக்காய்ச்சல் வராமல் தடுக்கும் மாத்திரையைச் சுகாதார அலுவலகத்தில் கொடுப்பார்கள். கணவர் வயலுக்கு இறங்கும் முன் அதைப் பெற்றுக்கொண்டார். புது உடுப்பு நனையும் என்பதற்காகப் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பதை நத்தார் நாளிலும் அனுமதிக்கவில்லை.

24 ஆம் திகதித் திருப்பலி, வீதி நிலைமையைக் கருதி, வழக்கத்துக்கு முன்னதாகவே வைக்கப்பட்டது. மின்சாரம் வந்து வந்து போனது. பாலனின் திருச்சுரூபத்தை முத்தமிடுவதற்காக வரிசையில் நின்றபோது, நலன்புரி நிலையமாகியிருந்த பாடசாலையிலிருந்து வந்தவர்கள் ஈர உடையோடு எங்களுக்கு முன்னால் நின்றார்கள். பாட்டு நன்றாக இருந்தது. மூத்தவள் சொல்லிக் கொடுத்த பாட்டும் பாடப்பட்டது.

அம்மம்மா விடயம் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. என் தாயார் தங்கை குடும்பத்தோடு முகாமிலேயே தங்கிவிட்டார். நவம்பர் 16 ஆம் திகதி வேதாரண்யத்துக்கு அருகே கரையேறிய கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தையும் உலுக்கியபோது, முகாமில் கூரைத் தகடுகள் பறந்து, மின்கம்பங்கள் சாய்ந்து, பல நாள் அவர்களோடு தொடர்பே கிடைக்கவில்லை. நத்தாருக்கு எப்படியும் கதைத்துவிட வேண்டும் என்பதற்காக, டிசம்பர் தொடக்கத்திலேயே நேரத்தைக் குறித்து இரண்டு பக்கமும் எழுதி வைத்தோம். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நேர வித்தியாசம் இல்லாதது ஒரு வசதி. நள்ளிரவுத் திருப்பலிக்குப் பிறகு எல்லோரும் அழைப்பதால் இணைப்புக் கிடைப்பது அரிது. ஆகையால் 24 ஆம் திகதி காலையைத் தெரிந்தெடுத்தோம். இரண்டு வீடுகளின் கைத்தொலைபேசி இலக்கங்களையும், முதலாவது கிடைக்காவிட்டால் அழைக்க வேண்டிய அயல்வீட்டு இலக்கத்தையும் குறித்திருந்தோம். கடைசியில் அந்த அயல்வீட்டு இலக்கம்தான் கைகொடுத்தது. அம்மம்மா பெத்தலகேம் கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னார். சின்னவள் என் மடியில் இருந்துகொண்டு, அவர் எங்காவது தவறவிட்டால் இடைமறித்துத் திருத்தினாள். காணொளி வேண்டாம், குரல் மட்டும் போதும் என்று நாங்கள் முன்கூட்டியே தீர்மானித்திருந்தோம். பலவீனமான இணைப்பில் முகம் உறைந்து உறைந்து நின்றால் சிறுபிள்ளை கலங்கிவிடும்.

வெடி கொளுத்துவதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மகன் முகாமில் பண்டிகைதோறும் வெடி கொளுத்தி வளர்ந்தவன்; இங்கும் கடைகளில் வெடி விற்றார்கள். கணவர் வாங்குவதற்கு முன் மச்சாளிடம் கேட்டார். அவர் எங்கள் ஒழுங்கையில் இருந்த வீடுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார்: இந்த வீட்டில் தாய் செல்லில் (எறிகணையில்) போனவ, அந்த வீட்டில் மகன் காணாமல் போனவன், அந்தத் தாய் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரியிலிருந்து நடக்கும் போராட்டத்துக்குப் போய்வருகிறவ, அடுத்த வீட்டுப் பெடியனுக்குச் சத்தம் கேட்டால் கைகால் உதறும். மகன் கேட்டுக்கொண்டே இருந்தான். வெடி வேண்டாம் என்று அவனாகவே சொன்னான், பூந்திரி மட்டும் கொளுத்தினான். இறுதிப் போர்க் காலத்தில் இங்கே இல்லாத எங்களைப் போன்றவர்களுக்கு இந்தக் கவனம் மிகவும் அவசியம் என்று நான் கருதுகிறேன். பண்டிகை நாளில், பல ஆண்டுகளுக்குப் பிறகு கண்ட மகிழ்ச்சியில், "அவர் எங்க, இவர் எங்க" என்று விசாரிக்கக் கூடாது. யாரைப் பற்றிக் கேட்கலாம் என்பதை ஊரிலேயே இருந்த உறவினர் ஒருவரிடம் முன்பே கேட்டு அறிந்துகொள்ள வேண்டும். பலகாரம் அனுப்பும்போதும், அந்த வீட்டில் அந்த ஆண்டு பண்டிகை உண்டா என்று கேட்டறிந்து அனுப்ப வேண்டும். பண்டிகை இல்லாத வீட்டுக்கு மச்சாள் பலகாரத்தைத் தவிர்த்து, வாழைப்பழச் சீப்பு ஒன்றை மட்டும் பிள்ளையிடம் கொடுத்தனுப்பினார்.

வன்னிக் கரையோரத்து மக்களுக்கு நத்தாரும் அதற்கு அடுத்த நாளும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாதவை. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை காலையில், முல்லைத்தீவுக் கடல் ஆழிப்பேரலையாக ஊருக்குள் புகுந்தது. கணவருடைய பெரியம்மா குடும்பத்தில் நால்வர் அன்று போனவர்கள். ஆகவே 25 ஆம் திகதி மாலையே மச்சாள் வீட்டில் பாட்டை நிறுத்திவிடுவார்கள். நாங்களும் நட்சத்திரத்தின் விளக்கை அணைத்தோம். மறுநாள் முல்லைத்தீவுக்குப் போகும் பஸ் ஏறுவதற்கு முன், பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னோம்: அலை எப்படி வந்தது, யார் யார் போனார்கள், அவர்கள் இவர்களுக்கு என்ன முறை என்பவற்றை. படங்களையும் காட்டினோம். எதுவும் சொல்லாமல் கூட்டிச் சென்றிருந்தால், அழும் மனிதர்கள் நடுவில் பிள்ளைகள் திகைத்து நின்றிருப்பார்கள். புனித இராயப்பர் ஆலய வளாகத்து நினைவிடத்தில் மெழுகுதிரி கொளுத்தியபோது, மகன் தான் ஒருபோதும் கண்டிராத பெரியப்பாவின் பெயரைச் சரியாகச் சொல்லிச் செபித்தான். அந்தப் பெரியப்பாவின் தம்பி அவனை அருகில் இழுத்து நிறுத்திக்கொண்டார்.

இனி வருவோருக்குப் பயணப் பொதியைப் பற்றிச் சில வார்த்தைகள். பிள்ளைகளின் திருமுழுக்குச் சான்றிதழ்களைத் தமிழகத்துப் பங்கிலேயே, முத்திரையோடு, புறப்படுவதற்கு முன் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் நற்கருணைக்கும் உறுதிபூசுதலுக்கும் பின்னாளில் திருமணத்துக்கும் இங்கே அதைக் கேட்பார்கள். கடல் தாண்டி எழுதிப் பெறுவதென்றால் மாதக்கணக்காகும். இந்தியாவில் பிறந்த பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் பதிந்து பிரசாவுரிமைச் சான்றிதழ் பெறும் வேலையையும் அங்கேயே முடித்துவிடுங்கள். இல்லையென்றால் வந்த பின்னர் கொழும்புக்கு அலைய நேரிடும். பாத்திர பண்டங்களின் எடையைக் குறைத்தாவது, முகாமில் பாவித்த குடில் சுரூபங்களைத் துணியில் சுற்றி எடுத்து வாருங்கள். எங்கள் வீட்டுச் சூசையப்பருக்கு ஒரு கை இல்லை. பிள்ளைகள் அவரைத்தான் குடிலில் முதலில் வைத்தார்கள். பாட்டுப் புத்தகத்தையும் மறக்க வேண்டாம். மடித்து வைக்கும் காகித நட்சத்திரம் பொதியில் இடம் பிடிக்காது என்றாலும் அதைக் கொண்டுவராதீர்கள். அதை இங்கே பிள்ளையோடு இருந்து கட்டுங்கள், மூங்கிலும் பொலித்தீனும் தருமபுரச் சந்தியிலேயே கிடைக்கின்றன.